ஒரு முழ உயரம்

துர்முதியின் வீட்டில் விளக்கைப் போடக் குனிய வேண்டும். சுவிட்சுகள் முழங்கால் உயரத்தில் இருந்தன. ஜன்னல்கள் கணுக்காலில் தொடங்கி இடுப்பில் முடிந்தன. தரையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் வெளியே என்ன நடக்கிறதென்று தெரியும். யாரும் எதையும் கீழே இறக்கவில்லை. தரைதான் ஏறி வந்திருந்தது.

எங்கள் மொரோவெத்தான் கிராமத்தில் கடல் வீட்டுக்குள் வருவதற்கு ரோப் என்று பெயர். புயலும் வேண்டாம், மழையும் வேண்டாம். நல்ல வெயிலில், துணி காய்ந்துகொண்டிருக்கும்போது, சாக்கடை வழியாகச் சத்தமில்லாமல் வந்து கட்டில் கால்களைச் சுற்றி நிற்கும். பிறகு திரும்பிப் போகும். போகாத நாட்களும் உண்டு. வாசற்படியைத் தாண்டத் தொடங்கிவிட்டால் அவரவர் வீட்டுத் தரைமேல் மண்ணும் மட்டிச் சிப்பியும் உடைந்த செங்கல்லும் கொட்டி, மேலே சிமெண்டு பூசி, இன்னொரு தரை போட்டுக்கொள்வார்கள். சில வருஷத்துக்குக் கவலையில்லை. பிறகு மறுபடி. கூரையைத் தொடுவதற்கு வசதி வேண்டும். அது யாரிடமும் இல்லை. கூரை நின்ற இடத்தில் நின்றது, தரை ஏறியது, நடுவில் இருந்த மனிதர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

துர்முதி நெட்டை மனிதர். முதலில் நிலைப்படியில் இடித்துக்கொண்டார். பிறகு மின்விசிறியைக் கழற்றினார். பிறகு கழுத்தை மடக்கி நடக்கப் பழகினார். கடைசித் தரை போட்டபின் படகிலும் அப்படியே நின்று வலை இழுத்தார். “மேல வானந்தான் இருக்கு, தைரியமா நிமிருங்க” என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். அவருடைய மனைவி கஸ்மினா குள்ளம். அவளுடைய கொண்டை இப்போதுதான் உள்கூரைப் பலகையில் உரசத் தொடங்கியிருந்தது.

அந்த வருஷம் மேற்குக் காற்று தொடங்குமுன் துர்முதியின் வயிறு வீங்கியது. செமாராங் ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். நீரை எடுத்து அனுப்பினார்கள். மறுபடி வீங்கியது. இரண்டாம் தடவை போனபோது டாக்டர் கஸ்மினாவிடம் பேசவில்லை. மகள் இஸ்திகோமாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மகள் திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். கஸ்மினாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை அவள் சபுவானைத் தேடிப் போனாள். எங்கள் ஊரில் மிஞ்சியிருந்த ஒரே கொத்தனார் அவர். பள்ளிவாசல் படியை உயர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அண்ணன் முறைக்குக் ‘காங்’, அக்கா முறைக்கு ‘யூ’.

“காங் சபுவான், எங்க வீட்டு உள்சுவரையெல்லாம் இடிக்கணும்.”

“எதையெல்லாம்?”

“ரெண்டு அறைச் சுவரு, அடுப்படிச் சுவரு. ஒரே கூடமா ஆக்கணும். கூரையையும் தூக்கணும்.”

சபுவான் சிரித்தார். “ஊரே மூட்டை கட்டிக்கிட்டுப் போகுது, நீங்க மாளிகை கட்டப் போறீங்களா யூ? பட்டணத்துல இப்ப அப்படித்தான் கட்டுறாங்களாம். சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒரே இடத்துல. மேல பார்த்தா ஓடு தெரியணுமாம். இஸ்தி ஃபோன்ல காட்டிருச்சா?”

“சந்தூக்கைத் தூக்கி நிக்க இடம் வேணும் காங்.”

அவர் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தித் தொழுகை முடித்ததும், உடலை வைத்த சந்தூக்கை நாலு பேர் வாசலில் தோளுயரம் தூக்கிப் பிடிப்பார்கள். வீட்டார் மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாக அதன் அடியில் குறுக்கே நுழைந்து அந்தப் பக்கம் போவார்கள். சுற்றி வந்து மறுபடி நுழைவார்கள். மூன்று தடவை. அதோடு போனவர்மேல் இருக்கும் ஏக்கம் அறுந்துவிடும். துக்கம் இருக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும். ஏக்கம் வேறு. அது அறுபடாவிட்டால் இருப்பவர்களை இழுத்துக்கொண்டே இருக்கும்.

துர்முதியின் வீட்டுக்கு வாசல் இல்லை. வாசல் இருந்த இடத்தில் அலையாத்தி முளைத்து நண்டு ஓடியது. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போகும் சிமெண்டுப் பாதை ஒரு மோட்டார் சைக்கிள் அகலம். இரண்டு பக்கமும் தண்ணீர். அதன்மேல் சந்தூக்கைக் கொண்டுபோகலாம். அடியில் குறுக்கே நுழைகிறவர் கடலில்தான் விழ வேண்டும்.

“பள்ளிவாசல் முன்னாடி வெச்சுக்கலாமே யூ.”

“மோதின் விடுவாரா?”

சபுவான் யோசித்தார். எங்கள் ஊர்க் கல்யாணமும் சாவும் மோதின் இல்லாமல் நடக்காது. நல்ல மனிதர், ஆனால் இந்த வழக்கம் அவருக்குப் பிடிக்காது. வீட்டு வழக்கம் வீட்டோடு என்பார்.

“விடமாட்டாரு” என்றார் சபுவான். “அதுக்காக வீட்டையே இடிக்கணுமா? எத்தனையோ பேரு நுழையாமலேதான் அனுப்பிவெச்சாங்க. எங்க அண்ணனுக்கு யாரு நுழைஞ்சா?”

“உங்களுக்குத் தெரியாதா காங், எனக்கு ஏன்னு?”

அவருக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். கஸ்மினாவின் மூத்தவன் ஃபத்கூர் ஒரு மேற்குக் காற்றில் பிறத்தியார் படகில் கூலிக்குப் போனான். படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் பள்ளிவாசலில் தொழுகை நடந்தது. நுழைந்து போகத்தான் ஒன்றும் இல்லை. அதிலிருந்து அவள் சந்தையில் அவனுடையதைப் போல ஒரு பிடரியைப் பார்த்தால் பின்னாலேயே போய்விடுவாள். ஒருமுறை அப்படிப் போய்ப் பேருந்தில் ஏறி, டெமாக்கில் இறங்கி, அந்தப் பையன் திரும்பிப் பார்த்தபோது, வாங்கிய மீன் கையில் சொட்டிக்கொண்டிருக்க, நின்றாள். முகம் வேறு என்று அவளுக்கு ஏறும்போதே தெரியும். தெரிந்தும் கால் போனது. தெரிந்தும் போகிறதே, அதுதான் அவளுக்குப் பயம். ஒருவனுக்கே இந்தப் பாடு. இனி இரண்டு பேரை எப்படித் தேடுவது?

சபுவான் மதியம் வந்து பார்த்தார். நடுவில் குந்தி உட்கார்ந்து, எழுந்து, குனிந்து, கையை மேலே நீட்டி விரித்துப் பார்த்தார்.

“உள்கூரையைக் கழட்டினாலும் உத்தரம் இருக்கு. உத்தரத்தை வெட்டினா கூரை காலை விரிச்சிரும். ஜாக்கி வெச்சு மொத்தமா தூக்கி, அடியில செங்கல் வெச்சு அடைக்கலாம். ஒரு முழம். அதுக்கு மேல இந்தச் சுவரு தாங்காது.”

“ஒரு முழம் போதுமா?”

“நாலு பேரு கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சு நிக்கலாம். நீங்க நடந்தே நுழையலாம். உங்க உயரத்துக்குத் தாராளம்.”

ஞாயிற்றுக்கிழமை இஸ்திகோமா வந்தாள். செருப்புத் தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் விடுமுறை. புகைபோட்ட திருக்கை வாங்கி வந்திருந்தாள், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று. சுவரில் கரிக்கோடு போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மீனை அப்படியே தரையில் வைத்தாள்.

“என்ன மாக் இது?” என்று அம்மாவைக் கேட்டாள்.

கஸ்மினா சொன்னாள்.

“பாக் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு. நீ அவரு சந்தூக்குக்கு இடம் அளக்குற.”

“இப்ப அளக்காம எப்ப அளக்கறது?”

“என்னோட வாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? அறை சின்னதுதான். ஆனா காய்ஞ்ச அறை. அங்க வாசல் இருக்கு. தூக்கறதுக்குத் தெருவே இருக்கு. இந்த வீட்டுல என்ன இருக்கு மாக்? தவளைகூடப் போயிருச்சு.”

“நாம போயிட்டா அவன் வந்தா எங்க வருவான்?”

சொல்லி முடித்தபிறகுதான் அதைச் சொன்னது தெரிந்தது. இஸ்திகோமா குனிந்து மீன் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினாள். அண்ணன் பேச்சு வந்தால் இந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து துர்முதி மனைவியைக் கூப்பிடும் குரல் வந்தது. “மாக்னே! சீக்கிரம் இடி. எல்லாமே காதுல விழுது, எதுக்கு நடுவுல ஒரு சுவரு?”

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

வேலை தொடங்கிய நாளில் மிச்சமிருந்த வீடுகளிலிருந்து எல்லோரும் வந்தார்கள். துர்முதியை அடுத்த வீட்டு மர்ஃபுவாவின் கட்டிலில் படுக்க வைத்தோம். அவளுடைய வீட்டு ஜன்னல் இன்னும் நெஞ்சுக்கு இருந்தது. ஆண்கள் முதலில் உள்கூரைப் பலகையைப் பிய்த்தார்கள். எலிக்கூடும் தூசியும் ஒரு பழைய பட்டமும் விழுந்தன. பிறகு சுவர்களை இடித்தார்கள். உப்பு தின்ற செங்கல். சம்மட்டி பட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அறை, அறை, அடுப்படி என்று இருந்தது சாயங்காலத்துக்குள் ஒரே வெளியாகி, நடுவில் செங்கல் மேடு ஒன்று நின்றது.

மறுநாள் லாரி ஜாக்கிகளை மூலைக்கொன்றாக வைத்து, எல்லோரும் ஒன்றாகத் திருகினார்கள். சபுவான் நடுவில் நின்று கத்தினார். “மெதுவா! ஒரே மாதிரி! கிழக்கு மூலை, என்ன அவசரம், மாமியா வீட்டுக்கா?” ஓடுகள் நறநறத்தன. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்து அகலமானது. அந்தக் கோட்டில் கடல் தெரிந்தது. பெண்கள் நாங்கள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தோம்.

மர்ஃபுவா கட்டிலருகே நின்று துர்முதிக்கு நேர்முக வர்ணனை செய்தாள். “தூக்கிட்டாங்க காங். ஒரு சாண் தூக்கிட்டாங்க. ஐயோ, உங்க வீடு பாவாடையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.”

“என்னைத் தூக்க நாலு பேரு” என்றார் துர்முதி. “கூரையைத் தூக்க இத்தனை பேரு. அப்ப யாரு பெரிய மனுஷன்?”

“அந்தப் பேச்சை விடுங்க, காபி குடிங்க.”

“அதுக்குத்தானே மர்ஃபுவா எல்லாம் நடக்குது. வீட்டுக்காரன் நான். எனக்குத் தெரியாதா?”

செங்கல் வைத்து அடைத்து முடித்ததும் அவரைத் தாங்கி அழைத்து வந்தார்கள். உள்ளே நுழையும்போது பழக்கத்தில் கழுத்தை மடக்கினார். சபுவான், “நிமிருங்க காங்” என்றார். அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்துகொண்டே இருந்தார். கையை உயர்த்தி உத்தரத்தைத் தொட்டு, அதிலேயே பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கஸ்மினா அவர் இடுப்பைப் பிடித்திருந்தாள்.

“நீ இவ்வளவு குள்ளமா மாக்னே?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவருடைய தாடையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அந்த இடத்தைத்தான் அவள் அதிகம் பார்த்திருந்தாள்.

அடுத்த நாளே அவருக்கு ரத்தமாக வாந்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் கஸ்மினா சபுவானிடம் திரும்பி, “மிச்ச வேலையை நீங்களே பாத்துக்குங்க காங்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அவர் நிறையத் தூங்கினார். விழித்திருக்கும்போது தெளிவாக இருந்தார். ஒருநாள் மதியம் அவள் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“நுழைஞ்சு போனதும் என்னை மறந்துருவியா?”

“மறக்கறதுக்கு இல்ல பாக்னே. தேடாம இருக்கறதுக்கு.”

“நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியும். கபர்ஸ்தான்ல, எங்க அப்பா பக்கத்துல. தண்ணி ஏறாத மூலை. என்னை எதுக்குத் தேடப் போற?”

அவள் மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவனைத் தேடத்தான் நீ பாதி ஆளாயிட்டே” என்றார். “நான் தேடலன்னு நினைக்காத. வலையில கனம் தட்டும்போதெல்லாம் எனக்குக் கை நின்னுரும். இழுக்கறதா வேண்டாமான்னு.”

இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. அவள் அவர் காலை விடாமல் பிடித்துக்கொண்டாள். வெளியே யாருக்கோ சாப்பாட்டு வண்டி வந்தது.

பிறகு டாக்டர் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்.

பாதை முனையில் வண்டி நின்றது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆண்கள் முன்னால் போனார்கள். கடலில் பெரிய ஏற்றம் தொடங்கியிருந்தது; பாதையின் இரண்டு ஓரமும் நனைந்திருந்தன. கஸ்மினா மாத்திரைப் பையோடு பின்னால் வந்து வாசற்படி ஏறினாள். உள்ளே இரண்டடி வைத்ததும் கொண்டையில் ஏதோ உரசியது.

அவள் நின்றாள். கையை மேலே கொண்டுபோனாள். உத்தரம்.

கீழே பார்த்தாள். நடுவில் நின்ற செங்கல் மேடு இல்லை. கூடம் முழுக்க ஒரே மட்டமாக, அழுத்தமாக, மட்டிச் சிப்பி தூவி, தட்டிக் கெட்டிப்படுத்திய புதுத் தரை.

“இனி நாலு வருஷத்துக்கு ஒரு சொட்டு வராது யூ!” மர்ஃபுவாவின் முகம் பூரித்திருந்தது. “முந்தாநாள் எல்லா வீட்டுலயும் தண்ணி. உங்க வீட்டுலயும் வாசப்படி வரைக்கும் வந்துருச்சு. எல்லாரும் ஓடி வந்தோம். அந்தச் செங்கல்லை எல்லாம் பரப்பி, என் வீட்டுச் சிப்பி மூட்டையையும் கொட்டி, நாள் பூரா மிதிச்சோம். இங்க பாருங்க என் காலை.”

கால் முழுக்கக் கீறல்.

கஸ்மினா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். களைப்பும் பெருமையும். உடைந்த செங்கல்லை எங்கள் ஊரில் யாரும் வெளியே கொட்டமாட்டார்கள். அது கிடைக்கக் காத்திருப்பார்கள். தண்ணீர் வருகிறது, செங்கல் கிடக்கிறது, கை தானாகப் போகும். சுவரை இடித்தது எதற்கு, கூரையைத் தூக்கியது எதற்கு என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நானும் மிதித்தேன்.

சபுவான் மட்டும் கதவுக்கு வெளியே நின்றார். அவள் அவரைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உத்தரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். முகம் வெளிறியது.

“யூ... நான்... தண்ணி வந்துச்சு. நான் யோசிக்கவே இல்ல யூ.”

“எவ்வளவு?”

“ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி.”

“எடுத்துருங்க.”

“இப்ப எப்படி எடுக்கறது? வெளிய பாருங்க. பழைய தரையை விட வெளியில தண்ணி உசரம். இதை வாரினா இன்னிக்கே உள்ள வந்துரும். அவரு கட்டில் தண்ணியில நிக்கும்.”

துர்முதி கட்டிலில் கண் மூடிக் கிடந்தார். ஈரம் இல்லாத தரை, ஈரம் இல்லாத பாய். அவள் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நடந்து போய் அவருக்குப் போர்த்திவிட்டாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மர்ஃபுவா பிறகு சொன்னாள்.

ஏற்றம் நீடித்தது. எங்கள் எல்லோர் வீட்டிலும் தண்ணீர் இருந்தது. துர்முதியின் வீட்டில் இல்லை. நாங்கள் அங்கே வந்து சமைத்தோம், அங்கேயே சாப்பிட்டோம். தெம்பே பொரிக்கும் வாசனை கட்டில் வரைக்கும் போகும், சுவர்தான் இல்லையே. அவர் மூக்கை அசைத்து, “உப்பு போட்டீங்களா?” என்று கேட்பார். எல்லோரையும் ஒரே பார்வையில் பார்த்தபடி கிடப்பது அவருக்குப் பிடித்திருந்தது. கஸ்மினா குனிந்து போய்க் குனிந்து வந்து அவருக்கு வேண்டியதைச் செய்தாள். மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: தண்ணீர் முதலில் வடியுமா, இவர் முதலில் போவாரா. தண்ணீர் வடியட்டும் என்று வேண்டுவது, அவர் அதுவரை இருக்கட்டும் என்று வேண்டுவதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர் வலியில் முனகும்போது அந்த வேண்டுதல் அசிங்கமாக இருந்தது.

தண்ணீர் வடியவில்லை. வெயில் ஏறுகிற நேரம், கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது அவர் வாய் திறந்தபடி இருந்தது, வாங்கிக்கொள்வது போல. கரண்டியை உதட்டருகே கொண்டுபோன பிறகுதான் புரிந்தது.

இஸ்திகோமா வந்து சேர்ந்தாள். குளிப்பாட்டினார்கள். கஃபன் உடுத்தினார்கள். மோதின் தொழுகை நடத்தினார். வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே கூடத்தில் தோளோடு தோள் நின்றார்கள், நெட்டையானவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு. பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கை நாலு பேர் பிடித்தார்கள். முன்பக்கத்தில் சபுவான்.

தூக்கினார்கள். சந்தூக்கின் மூடிச்சட்டம் உத்தரத்தில் ‘டொக்’கென்று இடித்தது. இறக்கி, முதுகை வளைத்து, மறுபடி பிடித்தார்கள். அது அவர்கள் தொடையளவில் நின்றது.

மோதின் மெதுவாகச் சொன்னார். “கஸ்மினா, இது கடமை இல்ல. செய்யாட்டியும் குத்தம் இல்ல. செய்யணும்னா தவழ்ந்து போங்க. மனசுல வெக்கிற நிய்யத்து ஒண்ணுதான்.”

“பரவாயில்ல மாக்” என்றாள் இஸ்திகோமா. “பரவாயில்ல. இப்படியே போவோம்.” அவள் முட்டி போட்டுக் கைகளை ஊன்றினாள். சிப்பி உள்ளங்கையில் குத்தியிருக்க வேண்டும்; முகம் சுருங்கியது.

கஸ்மினா மகளைப் பார்த்தாள். நாலு கால் பிராணியைப் போல, முக்காடு தரையில் புரள, அப்பாவின் அடியில் நுழையத் தயாராக நிற்கும் மகள். அவளுக்குள் எதுவோ வேண்டாம் என்றது. அந்த மனிதர் வாழ்நாளில் பாதியை இந்த வீட்டுக்குள் கழுத்தை மடக்கி வாழ்ந்தார். தரை ஏறியது, அவர் குனிந்தார். மறுபடி ஏறியது, மறுபடி குனிந்தார். நாமும் போகாமல் இருந்தது எதற்காக? ஒருவன் வந்து கதவைத் தட்டுவான் என்பதற்காக. தட்டினால் திறக்க ஒரு காய்ந்த தரை வேண்டும் என்பதற்காக.

“எந்திரி நொக்” என்றாள் மகளிடம்.

கதவோரம் மண்வெட்டியும் கடப்பாரையும் சாய்ந்திருந்தன. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து சந்தூக்குக்கு அடியில் குறுக்காக ஓங்கிப் போட்டாள். சிப்பி தெறித்தது.

“யூ!” சபுவான் பிடியை விட முடியாமல் கத்தினார். “இறக்குங்கடா, இறக்குங்க. யூ, என்ன பண்றீங்க?”

“தரையில இறக்க வேண்டாம். கட்டில் மேல வெச்சுக்கிட்டு நில்லுங்க. நான் வழி வெட்டறேன்.”

“புதுத் தரை மட்டும் போதாது. உயரம் வராது. அடியில சிமெண்டு இருக்கு, அதை உடைக்கணும். அதை உடைச்சா அவ்வளவுதான். கடல் கீழேருந்து வரும். அடைக்கவே முடியாது. வீடு போயிரும்.”

“தெரியும் காங்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. துக்கத்துல இருக்கீங்க.”

“நீங்க யோசிக்காம கொட்டினீங்க. நான் யோசிச்சுத்தான் வெட்டறேன்.”

சந்தூக்கைக் கட்டில்மேல் வைத்தார்கள். சபுவான் வந்து அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். யாரோ கடப்பாரையை எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் கையால் செங்கல்லை வாரினோம். மிதித்த எங்கள் கால்களே இப்போது அதைக் கிளறின. சிமெண்டு வந்தது. சபுவான் ஒரு கணம் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கடப்பாரை இறங்கியது. விரிசல் வழியாகத் தண்ணீர் முதலில் கறுப்பாக, பிறகு தெளிவாக, அவசரமே இல்லாமல் ஊறி வந்தது.

இடுப்பு ஆழத்தில் ஒரு குறுக்கு வழி. நாலு பேரும் அதன் இரண்டு கரையிலும் நின்று, முதுகை வளைத்து, சந்தூக்கைத் தூக்கிப் பிடித்தார்கள்.

கஸ்மினா இறங்கினாள். தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தது. தலை நிமிர்ந்தபடி அவருக்கு அடியில் நடந்து அந்தப் பக்கம் ஏறினாள். பின்னால் இஸ்திகோமா. சுற்றி வந்தார்கள். இரண்டாம் தடவை தண்ணீர் முழங்காலில் இருந்தது. மூன்றாம் தடவை வழி நிரம்பி, கரைமேல் நின்றவர்களின் பாதங்களைத் தொட்டது. செங்கல் இடுக்குகளில் குமிழி வெடித்தது. மூன்றாம் தடவையும் அவள் அந்தப் பக்கம் ஏறினாள்.

“போதும்” என்றார் மோதின். “கிளம்புவோம். தண்ணி ஏறுது.”

அவள் ஈரத் துணியோடு நின்றாள். துர்முதி போய்விட்டார், அது உள்ளே எங்கோ மெல்ல அடங்கி உட்காருவது தெரிந்தது. ஆனால் பக்கத்தில் இன்னொன்று, மகனுடையது, அப்படியே இருந்தது, பழைய இடத்தில், பழைய இழுப்போடு. அவள் திரும்பிச் சுற்றி வந்து மறுபடி வழியில் இறங்கினாள்.

“கஸ்மினா, மூணு ஆச்சு.”

அவள் காதில் வாங்கவில்லை. பின்பக்கம் பிடித்திருந்தவனின் கால் சகதியில் வழுக்கியது. முட்டியை ஊன்றிச் சமாளித்தான், சந்தூக்கை இறக்கவில்லை. மோதின் முன்னால் வந்து தன் கையையும் சட்டத்துக்குக் கீழே கொடுத்தார்.

“போங்க யூ” என்றார் சபுவான், பல்லைக் கடித்தபடி. “மெதுவாப் போங்க. நாங்க பிடிச்சுக்கறோம்.”